ஆடாத நாற்காலிக்கு ஒரு செய்முறை

திரும்பி வந்த நாற்காலியில் உட்கார்ந்த உடனேயே சூப்பர்வைசருக்குத் தெரிந்துவிட்டது, இன்றைய பொழுதும் விளங்காது என்று. நாற்காலி முதலில் இடப்பக்கம் சாய்ந்து 'டக்' என்றது. பிறகு வலப்பக்கம் சாய்ந்து 'டக்' என்றது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்து பார்த்தார். அப்போதும் ஒரு 'டக்'.

"எழுந்திருங்க சார், அதை நம்பி உட்காராதீங்க," என்றான் வேன் டிரைவர். "இன்னும் கொஞ்சம் உள்ள இருக்கு. இறக்கட்டுமா?"

"இறக்கு. வேண்டாம்னா மட்டும் நீ வீட்டுக்கா எடுத்துட்டுப் போகப் போறே?"

அந்த மரச்சாமான் தொழிற்சாலையில் கட்டில், பீரோ, நாற்காலி என்று மூன்று பிரிவுகள். கட்டிலையும் பீரோவையும் வாங்கியவர்கள் அவற்றை மறந்துவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். நாற்காலி வாங்கியவர்கள் மட்டும் மறக்கவில்லை. நம் சூப்பர்வைசர் பதவி உயர்வு பெற்று நாற்காலிப் பிரிவுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. முன்பு இருந்தவர் ஏன் அவ்வளவு சிரித்த முகத்தோடு சாவியை ஒப்படைத்தார் என்பது இப்போதுதான் அவருக்குப் புரிய ஆரம்பித்திருந்தது.

முதலாளியம்மா மாடியறையிலிருந்து இறங்கி வந்தார். அவர் கோபமாக இருந்தால் படியில் செருப்புச் சத்தம் கேட்கும். ரொம்பக் கோபமாக இருந்தால் கேட்காது. இன்றைக்குக் கேட்கவில்லை.

"நூலகத்துக்கு நாற்காலி கேட்டிருக்காங்க," என்றார். "பெரிய ஆர்டர். நூலகம் எப்படி இருக்கும்னு தெரியும்ல? ஒருத்தர் இருமினாலே நாலு பேர் முறைப்பாங்க. அங்க போய் நம்ம நாற்காலி டக்கு டக்குன்னா?"

"ஆடாதும்மா."

"போன தடவையும் இதேதான் சொன்னீங்க. நான் முடிவு பண்ணிட்டேன். நூலகத்துலேர்ந்து ஒரே ஒரு நாற்காலி திரும்பி வரட்டும், இந்தப் பிரிவை இழுத்து மூடிட்டு, கட்டிலும் பீரோவும் போதும்னு இருந்துடுவேன்."

மேஜைகளில் வேலை செய்துகொண்டிருந்தவர்களின் கைகள் நின்றுவிட்டன. நாற்காலியைத் தவிர வேறு எதுவும் செய்து பழகாதவர்கள் அவர்கள். அத்தனை பேரும் முதலாளியம்மாவைப் பார்க்காமல் சூப்பர்வைசரைப் பார்த்தார்கள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வந்தால் அவருக்கு வாய் முந்திக்கொள்ளும், மூளை பின்னால் மெதுவாக நடந்து வரும்.

"ஒரு நாற்காலி திரும்பி வந்தாலும், இவங்களுக்கு முன்னாடி நான் வேலையை விட்டுப் போறேம்மா!"

"நீங்க போறதால நாற்காலி ஆடறது நின்னுடுமா? செய்முறை எழுதுங்க. யார் படிச்சாலும் புரியணும், யார் செஞ்சாலும் ஒரே மாதிரி வரணும். இப்ப என்ன எழுதி வச்சிருக்கீங்க?"

சுவரில் ஒரு பலகை தொங்கியது. முன்பு இருந்தவர் கைப்பட எழுதியது. 'நாற்காலியை நல்லபடியாகச் செய்யவும்.'

"இதுல நாற்காலிங்கறதை அடிச்சுட்டு விமானம்னு போட்டாலும் பொருந்தும்," என்றார் முதலாளியம்மா. திரும்பிப் போகும்போது செருப்புச் சத்தம் கேட்டது. கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார் என்று எல்லாரும் ஆறுதல் அடைந்தார்கள்.

மறுநாள் காலையில் புதிய செய்முறை சுவர் ஏறியது. 'கால்கள் நான்கையும் பலகையில் பொருத்தவும். ஸ்க்ரூக்களை நன்றாக முடுக்கவும்.' சூப்பர்வைசர் இரண்டடி பின்னால் தள்ளி நின்று அதை ரசித்தார். சுருக்கம், தெளிவு, அழகான கையெழுத்து. வேறென்ன வேண்டும்?

பயில்வான் என்று எல்லாரும் கூப்பிடுகிற மூன்றாம் மேஜைக்காரன் அதை வாய்விட்டுப் படித்தான். 'நன்றாக' என்ற இடத்தில் ஒரு முறை தலையாட்டினான். திருப்புளியை எடுத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு திருகு, இரண்டு திருகு. பலகை மடார் என்று நடுவில் பிளந்தது.

"யோவ்! என்னய்யா பண்ணினே?"

"நன்றாகன்னு எழுதியிருந்தீங்க சார். நன்றாகவே பண்ணினேன்."

சூப்பர்வைசர் 'நன்றாக' என்பதை அடித்துவிட்டு 'மிதமாக' என்று எழுதினார். உடனே இரண்டாம் மேஜையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. அது வக்கீலுடைய கை. வக்கீல் கோர்ட்டுப் படி ஏறியவன் அல்ல. எதைச் சொன்னாலும் ஒரு கேள்வியைப் பதிலாகத் தருகிறவன் என்பதால் சக ஊழியர்கள் கொடுத்த பட்டம் அது.

"மிதம்னா யாரோட மிதம் சார்? என் மிதமா, பயில்வானோட மிதமா?"

"உன் மிதம்தான்பா. ஆளை விடு."

"எனக்கு இன்னிக்கு மணிக்கட்டு வலி. வலியோட இருக்கற மிதமா, வலி இல்லாதப்ப இருக்கற மிதமா?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது என்பது மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. ஆளாளுக்குத் தங்கள் மிதப்படி முடுக்கிய நாற்காலிகளில் ஒன்றைச் சூப்பர்வைசர் ஆசையாகத் தூக்கினார். நாற்காலி மேலே வந்தது. ஒரு கால் மட்டும் வரவில்லை. அது தரையிலேயே நின்றுகொண்டிருந்தது.

சாயங்காலம் 'போதுமான அளவு முடுக்கவும்' என்று ஒரு புதிய தாளோடு வீட்டுக்கு வந்தார். தையல் மெஷினில் ஒரு ரவிக்கையை மடித்துத் தைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் நீட்டினார்.

"யாருக்குப் போதுமான அளவு?" என்றாள் அவள், காலை மெஷினிலிருந்து எடுக்காமலே.

"நீயும் வக்கீலோட கட்சியா?"

"கோச்சுக்காதீங்க. கை அளவு போதுமானபடி வைன்னு யாராவது துணி குடுத்தா நான் தைப்பேனா? இஞ்சு சொல்லுங்கன்னுதானே கேப்பேன். சரி, நம்ம ஸ்டூலோட கால் லொடலொடன்னு ஆடுது. அதை எப்படிச் சரி பண்றதுன்னு எழுதிக் குடுங்க, நான் பண்றேன்."

அவர் பொறுமையாக எழுதிக் கொடுத்தார். அவள் சத்தமாகப் படித்தாள். "ஒன்று. ஸ்டூலைத் தலைகீழாகக் கவிழ்க்கவும்." படித்ததும் கவிழ்த்தாள். ஸ்டூல் மேல் இருந்த தண்ணீர் ஜாடி உருண்டு, தண்ணீர் அவர் எழுதி வைத்திருந்த அத்தனை தாள்களையும் நனைத்துவிட்டு அவர் வேட்டிக்கு வந்து சேர்ந்தது.

"அடிப்பாவி! ஜாடியை எடுத்து வைக்கணும்னு தெரியாதா உனக்கு?"

"எனக்குத் தெரியும். ஆனா நீங்க எழுதலையே. தெரிஞ்சவளுக்கு எதுக்கு எழுதணும்? தெரியாதவளுக்குத்தானே எழுதறீங்க?"

அவர் வேட்டியைப் பிழிந்தபடி யோசித்தார். அவளுக்கே பாவமாகிவிட்டது. துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

"உங்க ஆளுங்கள்ல யாராவது ஒருத்தர் ஒழுங்கா செய்வாங்கள்ல? அவங்க பக்கத்துல நின்னு, அவங்க என்னென்ன செய்யறாங்களோ அப்படியே ஒண்ணு விடாம எழுதிடுங்க. சொந்தமா ஏன் மண்டையை உடைச்சுக்கறீங்க?"

சூப்பர்வைசருக்கு இருட்டில் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. ஒவ்வொரு நாற்காலியின் அடியிலும் அதைச் செய்தவரின் மேஜை எண்ணை முத்திரையாக அழுத்துவது அந்தத் தொழிற்சாலை வழக்கம். மறுநாள் முதல் வேலையாக, திரும்பி வந்த நாற்காலிகள் குவிந்து கிடந்த மூலைக்குப் போய் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார். ஒன்று இருந்தது, இரண்டு இருந்தது, மூன்று தாராளமாகவே இருந்தது, நான்கும் இருந்தது. ஐந்து மட்டும் இல்லவே இல்லை. குவியலின் அடி வரைக்கும் தேடினார். மரத்தூள் மூக்கில் ஏறித் தும்மினார். ஐந்து இல்லை.

ஐந்தாம் மேஜை, படகுத்துறைக்குச் சாமான் ஏற்றுகிற பக்கவாசல் ஓரத்தில் இருந்தது. அங்கே வேலை செய்கிற பெண்ணுக்கு அமைதிப்புறா என்று பெயர். சுருக்கமாகப் புறா. ஒரு நாளைக்கு அவள் பேசுகிற வார்த்தைகளைத் தீப்பெட்டிக்குள் அடக்கிவிடலாம். இத்தனை நாள் தன் கண் எதிரிலேயே இப்படி ஒரு மாணிக்கம் உட்கார்ந்திருந்ததா என்று சூப்பர்வைசர் தன்னையே நொந்துகொண்டார். தாளும் பென்சிலுமாகப் போய் அவள் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"நான் என்ன தப்பு பண்ணிட்டேன் சார்?" என்றாள் புறா.

"தப்பா? நீ எப்பவும் செய்யற மாதிரி ஒரு நாற்காலி செய்ம்மா. நான் இங்க இல்லைன்னே நினைச்சுக்கோ."

"மூக்குக்கு நேரா நிக்கறீங்களே சார். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை."

ஆனாலும் செய்தாள். ஒரு ஸ்க்ரூவைக் கீழே போட்டாள். எடுத்து ஊதினாள். அவர் எழுதிக்கொண்டார். ஸ்க்ரூக்களைக் கையாலேயே பாதி வரைக்கும் திருகினாள். திருப்புளியை எடுத்தால் வியர்வையில் அது வழுக்கியது. அப்படியே நாற்காலியைத் தரையில் நிமிர்த்தி வைத்து, அதன் மேலேயே தொப்பென்று உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள். அவர் பென்சில் பறந்தது. பிறகு எழுந்து குனிந்து ஒரு மூலையை முடுக்கினாள். அவர் பக்கத்தில் நகர்ந்து வந்ததும் எதிர் மூலைக்குப் போனாள். அவர் அங்கே வந்தார். அவள் மூன்றாவது மூலைக்குப் போய், அங்கிருந்து அதற்கு எதிர் மூலைக்குத் தப்பினாள். கடைசியாக இருக்கையை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, "ஆச்சு சார்," என்றாள்.

சூப்பர்வைசர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இடப்பக்கம் சாய்ந்தார், வலப்பக்கம் சாய்ந்தார். சத்தமே இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

செய்முறை இரண்டு பக்கம் வந்தது. மறுநாள் காலை முதல் எல்லாரும் அதன்படியே செய்ய வேண்டும், ஒரு எழுத்துக்கூட மாறக் கூடாது என்று உத்தரவு. பயில்வான் ஸ்க்ரூவை ஊதினான். அவன் ஊதிய ஊதலில் மேஜையில் இருந்த மரத்தூள் முழுக்க அடுத்த மேஜைக்காரரின் கண்ணுக்குப் போனது. வக்கீல் கையைத் தூக்கினான்.

"ஆறாவது படி, ஜன்னலைப் பார்க்கவும்னு இருக்கு. எனக்கு எதிர்ல சுவர்தான் இருக்கு."

"அதை விட்டுட்டு அடுத்ததைச் செய்."

"சார், எந்தப் படியால நாற்காலி ஆடாம நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா? ஜன்னலாலதான்னு இருந்துட்டா?"

சூப்பர்வைசர் சுற்றுமுற்றும் தேடினார். பழைய காலண்டர் ஒன்றிலிருந்து ஜன்னல் படம் ஒன்றைக் கிழித்து வக்கீலுக்கு எதிரே சுவரில் ஒட்டினார். அதைப் பார்த்து, ஜன்னல் இல்லாத மற்றவர்களும் ஆளுக்கு ஒரு படம் கேட்டார்கள். எதிர் மூலைக்கு ஓடுகிற படியில் பக்கத்து மேஜைக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொண்டார்கள். "பெருமூச்சு எவ்வளவு நீளம் சார்?" என்ற கேள்வியும் வந்தது. கேட்டது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா உள்ளே நுழைந்தார். செருப்புச் சத்தம் கேட்கவில்லை. நாற்காலிப் பிரிவு முழுவதும் பாதி முடிந்த நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்து, காலண்டர் படங்களை வெறித்துப் பார்த்தபடி, ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"என்ன இது? யாராவது போய்ச் சேர்ந்துட்டாங்களா?"

"இல்லைம்மா. ஆறாவது படி," என்றார் சூப்பர்வைசர் பலவீனமாக.

முதலாளியம்மா தாளை வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் புருவம் ஏறிக்கொண்டே போனது. ஒரு சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"ஸ்க்ரூவை ஊதறது எதுக்கு?"

எல்லாரும் புறாவைப் பார்த்தார்கள். "கீழ விழுந்துடுச்சும்மா. தூசி," என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு. சிவப்புக் கோடு விழுந்தது.

"ஜன்னல்?"

"அந்த வழியா ஓடிடலாமான்னு பார்த்தேன்."

இன்னொரு கோடு. பெருமூச்சுப் படிக்கு வந்தபோது, "அது இருக்கட்டும்மா, உடம்புக்கு நல்லா இருக்கு," என்றான் பயில்வான். அதுவும் போனது. பேனா நாற்காலியில் உட்காரும் படிக்குத் திரும்பியபோது வக்கீல் முதல் தடவையாகக் கேள்வி கேட்காமல் பேசினான்.

"அதை அடிக்காதீங்கம்மா. முதல்லயே இறுக்கிட்டா, கால் கோணலா இருந்தாலும் அப்படியே முரண்டு பிடிச்சு நிக்குது. பாதி திருகிட்டு உட்கார்ந்தா நம்ம கனத்துல நாலு காலும் தரையில ஒழுங்காப் படியுது. அப்புறம் இறுக்கினா ஆட மாட்டேங்குது. காலையிலேர்ந்து உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்ததுல பார்த்தேன்."

ஒன்றைப் பழைய மாதிரியும் ஒன்றை அவன் சொன்ன மாதிரியும் செய்து பார்த்தார்கள். பழையது 'டக்' என்றது. புதியது வாயைத் திறக்கவில்லை. சூப்பர்வைசர் துள்ளிவிட்டார்.

"பாத்தீங்களாம்மா! அவளுக்கே தெரியாம அவ கைக்குத் தெரிஞ்சிருக்கு! அதான் ஐந்தாம் நம்பர் ஒண்ணுகூடத் திரும்பி வரலை!"

புறா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அதற்குள் அங்கே பெரிய விவாதம் தொடங்கிவிட்டது. பாதி என்றால் எது பாதி? இரண்டு விரலால் திருகி, விரல் தோற்கிற இடம் என்று முடிவானது. பயில்வானின் விரல்கள் லேசில் தோற்காது என்பதால், சுண்டு விரலும் கட்டை விரலும் என்று திருத்தப்பட்டது. எவ்வளவு இறுக்க வேண்டும்? ஸ்க்ரூத் தலை மரத்தைத் தொடும் வரை. தொட்டது எப்படித் தெரியும்? தலைக்கு அடியில் நகம் நுழையக் கூடாது. நகம் கடிக்கிறவர்களுக்கு? தாளின் ஓரம் நுழையக் கூடாது. ஒவ்வொரு கேள்விக்கும் சூப்பர்வைசர் முதலில் எரிந்து விழுந்தார். அப்புறம் எழுதினார். மாலைக்குள் அவர் எரிந்து விழுவதை நிறுத்திவிட்டு, "அடுத்து என்னப்பா சந்தேகம்?" என்று வக்கீலைத் தேடிப்போய்க் கேட்க ஆரம்பித்தார்.

கடைசியில் ஒரே பக்கம்தான் வந்தது. அதைச் சோதிக்க, வாழ்நாளில் நாற்காலி செய்யாத ஒருவர் வேண்டும் என்றார் முதலாளியம்மா. சூப்பர்வைசரின் மனைவி வந்தாள். கைப்பையை மேஜை மேல் வைத்துவிட்டு முதல் வரியைப் படித்தாள். 'மேஜை மேல் வேறு எந்தப் பொருளும் இருக்கக் கூடாது.' அவள் கணவரை ஒரு பார்வை பார்த்தாள். கைப்பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று கண்டிப்பு. சூப்பர்வைசர் தன் வாயைக் கையாலேயே பொத்திக்கொண்டு நின்றார். அவள் தாளைப் பார்த்தாள், திருகினாள், உட்கார்ந்தாள், எழுந்தாள், எதிர் எதிர் மூலையாக இறுக்கினாள், தாளின் ஓரத்தைச் செருகிப் பார்த்தாள். முடிந்ததும் நாற்காலியில் முதலாளியம்மா உட்கார்ந்தார். பிறகு பயில்வான் உட்கார்ந்து, வேண்டுமென்றே நாலு பக்கமும் சாய்ந்தான். அறையில் ஈ பறந்தால் கேட்கும், நாற்காலியின் 'டக்' மட்டும் கேட்கவில்லை.

"ரவிக்கையை விட இது சுலபம்," என்றாள் மனைவி.

அந்தத் தாளுக்கு ஒரு நகல் வேண்டும் என்று முதலில் வந்து கேட்டவள் புறாதான். "இதை முன்னாடியே எழுதியிருந்தா எனக்கு எவ்வளவோ உதவியா இருந்திருக்கும் சார்," என்றாள்.

"எவ்வளவு தன்னடக்கம் பாத்தியா!" என்று சூப்பர்வைசர் வக்கீலிடம் சொல்லி மாய்ந்துபோனார்.

நூலகத்துக்கு நாற்காலிகள் போயின. அதற்கப்புறம் சூப்பர்வைசருக்குச் சோறு இறங்கவில்லை. வேன் வாசலில் திரும்புகிற சத்தம் கேட்டாலே எழுந்துவிடுவார். ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து பார்ப்பார். காலியாக இருக்கும். அப்போதும் நம்பிக்கை வராமல் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்ப்பார். "அங்க நாற்காலி நுழையாது சார்," என்பான் டிரைவர். பயில்வானும் மற்றவர்களும் கேட்காமலே அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு வேலைக்குத் திரும்புவார்கள். ஒரு வாரம் போனது, இன்னொரு வாரமும் போனது.

ஒரு நாள் காலையில் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. கூடவே ஒரு பாட்டும் முணுமுணுப்பாகக் கேட்டது. முதலாளியம்மா பாடி யாரும் கேட்டதில்லை.

"நூலகத்துலேர்ந்து போன் வந்தது. ஒரு புகார்."

சூப்பர்வைசர் பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"பூட்டற நேரம் ஆனாலும் யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டேங்கறாங்களாம். மாடிக்கும் இதே நாற்காலி வேணுமாம். இன்னும் ரெண்டு மேஜை போட்டு ஆள் எடுக்கணும், சூப்பர்வைசர். இந்தப் பிரிவை மூடறதைப் பத்தி இனிமே நான் பேசினா என்னையே வெளிய வச்சுப் பூட்டுங்க."

பயில்வான் விசிலடித்தான். வக்கீல் யாரையோ கட்டிப்பிடித்து அழுதான், அழுகைக்கு நடுவே, "ஆனா எப்ப ஆள் எடுப்பீங்க?" என்றும் கேட்டான். சூப்பர்வைசருக்குக் கால் தரையில் பாவவில்லை. எல்லாரும் அவருக்குக் கை கொடுத்தபோது, அவர் கூச்சத்தோடு மறுத்துவிட்டு, புறாவின் கையைப் பிடித்து இழுத்து வந்து நடுவில் நிறுத்தினார்.

"இந்தப் பெருமை எல்லாம் இவளுக்குத்தாம்மா சேரணும். இவளைப் பார்த்துத்தானே எழுதினேன்! புதுசா வர்றவங்களுக்கு இவளே கத்துக்கொடுக்கட்டும்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. புறா குனிந்த தலை நிமிராமல் நின்றாள். சத்தம் கேட்டு, வேனில் ஏற்ற வந்த டிரைவர் பக்கவாசல் வழியாக எட்டிப் பார்த்தான்.

"என்ன சார் விசேஷம்? அக்காவை எதுக்கு நடுவுல நிக்க வச்சிருக்கீங்க?"

"எதுக்கா? இத்தனை வருஷத்துல இவ செஞ்ச நாற்காலி ஒண்ணாவது ஆடுதுன்னு நீ திருப்பிக் கொண்டு வந்திருக்கியா, சொல்லு பார்ப்போம்!"

டிரைவர் தலையைச் சொறிந்தான்.

"பக்கவாசல்கிட்ட இருக்கறதால அக்கா செஞ்சதை எல்லாம் ஆரம்பத்துலேர்ந்து நான் பயணிகள் படகுக்குத்தானே சார் ஏத்தறேன், அங்க நாலு காலையும் தரையோட சேர்த்து போல்ட் போட்டு இறுக்கிடுவாங்க, அப்புறம் படகு ஆடினாத்தான் நாற்காலி ஆடும்!"